இறக்கிப் பாடியவர்கள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் காது. குரல்களைப் பதிவு செய்கிற பதிவுக்காரர் விளையாட்டாக ஆரம்பித்தது அது. "காது வந்தாச்சா, காதுக்கு டீ குடுத்தாச்சா" என்று அவர் தினமும் கேட்கப்போய், வாசல் காவலரிலிருந்து மேல்மாடி அதிகாரி வரை எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய, கல்யாணமாகாத ஒருத்தியின் உடம்பில் ஒரே ஓர் உறுப்பையாவது ஊரார் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் வேலை பாட்டுக் கேட்பது. சொன்னால் யாருக்கும் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் அது கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறக் கம்பளி ஒட்டியிருக்கும். ஒரு மேசை, ஒரு ஹெட்போன், பக்கத்தில் ஒரு மின்விசிறி. அதையும் பாட்டு ஓடும்போது நிறுத்திவிட வேண்டும். வியர்வை வழிய வழிய உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்கள் சின்ன வயதில் கேட்ட பாட்டைப் பாடுவதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, இவர் கரைக்காரர், இவர் கரைக்காரர் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பம் இந்த நாட்டில் தங்கும், அல்லது வண்டியேறும்.

ஆற்றங்கரை ஊர்களை மலைநாட்டுப் படை எரித்தபோது அவளுக்கு நான்கு வயது. தப்பி வந்தவர்களுக்கு இந்த நாடு இடம் கொடுத்தது. கரைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று சட்டம். பிறகு மலையிலும் பிழைப்புப் போய், பஞ்சம் வந்து, அங்கிருந்தும் சனங்கள் வர ஆரம்பித்தார்கள். கரையிலும் மலையிலும் பேச்சு ஒன்றுதான். வருஷக்கணக்கில் ஒரே முகாமில் கிடந்ததில் இருந்த கொஞ்சநஞ்ச வித்தியாசமும் கரைந்துவிட்டது. யார் யார் என்று எப்படிப் பிரிப்பது? அப்போதுதான் அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. "பேப்பர் பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும். தாலாட்டு பொய் சொல்லாது." அதைச் சொல்லிவிட்டு அவர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்வது போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கு அவள் வேறொரு பிரிவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கரையில் பிறந்தவள், படித்தவள், ஏற்கனவே சம்பளப் பட்டியலில் இருப்பவள். வேறு யாரைத் தேடப் போகிறார்கள்?

மாதிரிக்கு வைத்திருக்கும் பாட்டும் அவள் குரலில் பதிந்ததுதான். அவளுடைய அம்மா பாடியது.

*ஆறும் உறங்குது, அலையும் உறங்குது,
ஓடம் ஒதுங்குது, நீயும் உறங்கு.*

கடைசிச் சொல்லில் ராகம் இறங்கும். படிப்படியாக இல்லை, ஒரேயடியாக, கிணற்றுக்குள் வாளி போவது போல. 'உறங்கு' என்பதன் பாதி மூச்சாகவே போய்விடும். அம்மாவிடமிருந்து அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். போட்டோ கிடையாது, துணிமணி கிடையாது. அம்மாவின் முகம்கூடக் கலங்கிய தண்ணீரில் பார்த்தது போலத்தான். ஆனால் அந்த இறக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ராகம் இறங்கும்போது அம்மாவின் உள்ளங்கையும் கூடவே இறங்கி அவள் வாய்மேல் மெத்தென்று படியும். அன்பு என்ற சொல்லை எங்கே படித்தாலும் அவளுக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த குரல் ஓர் ஆணுடையது. துறைமுகத்தில் வெல்டர் வேலை பார்ப்பவன் என்று மட்டும் பதிவுக்காரர் சொன்னார். அதற்குமேல் சொல்லக் கூடாது. முகத்தையும் காட்டக் கூடாது. முகத்தைப் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்பது அதிகாரியின் கட்டளை.

"ஆம்பளை தாலாட்டுப் பாடுறான் காதக்கா. நான் கேட்டுட்டே தூங்கிட்டேன்" என்றார் பதிவுக்காரர்.

"நீங்க பாட்டு இல்லாமலே தூங்குவீங்க."

ஹெட்போனில் முதலில் ஒரு கனைப்பு. "கூச்சமா இருக்கு சார்" என்றது குரல். பிறகு பாடியது. அதே பாட்டு. சொற்களில் ஒரு பிசகு இல்லை. ஓடம் ஒதுங்குகிற இடத்தில் வரும் சின்ன நெளிவுகூட இருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசிச் சொல்லுக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அதைத் தூக்கினான். இறங்க வேண்டிய இடத்தில் ராகம் எகிறி மேலே போய், சந்தையில் சாமானுக்குக் கூவுகிற மாதிரி நீண்டு நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். மறுபடி போட்டுக் கேட்டாள். கண் சொருகுகிற பிள்ளையின் காதில் எந்த அம்மா இப்படிக் கத்துவாள்? இது யாரிடமோ காசு கொடுத்தோ கெஞ்சியோ கற்றுக்கொண்டு வந்த பாட்டு. சொல்லிக் கொடுத்தவன் சொற்களைச் சரியாகக் கொடுத்துவிட்டு, உயிரைக் கொடுக்க மறந்துவிட்டான். இது வரை எத்தனையோ கரைக்காரப் பெண்கள் அந்த அறைக்குள் பாடியிருக்கிறார்கள். அத்தனை பேரும் இறக்கித்தான் முடித்தார்கள். ஒருவிதக் கோபம் வந்தது அவளுக்கு. தன் வீட்டுக்குள் செருப்புக் காலோடு ஒருவன் நுழைந்துவிட்டது போன்ற கோபம்.

கரைக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து மின்விசிறியைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா அவளைவிடப் பத்து வயது மூத்தவள். விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளை வீட்டுக்கு வாங்கி வந்து இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். வீடு முழுக்க வெள்ளை விரிப்புகள் குவிந்து கிடக்கும். உட்கார இடம் வேண்டுமானால் ஒரு மலையை நகர்த்த வேண்டும். அக்கா வீட்டில் பாட்டு கிடையாது. ரேடியோ கிடையாது. அத்தான் குளிக்கும்போது சீட்டியடித்தால்கூட வெளியே இருந்து வாளியால் கதவில் ஒரு தட்டு விழும்.

ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசக் கூடாதுதான். ஆனால் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"நம்ம பாட்டையே பாடுறான்க்கா. எல்லாம் பாடிட்டு கடைசியில கோட்டை விட்டுட்டான். உறங்குன்னு முடியுதில்ல, அதை இப்படித் தூக்குறான்." கையை நெஞ்சிலிருந்து தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். "கேட்டா செத்த பிள்ளையும் முழிச்சுக்கும்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரோ வருகிற சத்தம் கேட்டது போல. வாசலில் யாரும் இல்லை.

"தூக்கித்தான்டி பாடணும்" என்றாள்.

"எதை?"

"உறங்குங்கிறதை. நல்லா உரக்கத் தூக்கணும்."

"தூங்கப் போற பிள்ளைக்கு எதுக்குக்கா உரக்க?"

"பிள்ளைக்கு இல்ல. அப்பாவுக்கு."

அவளுக்குப் புரியவில்லை. அக்கா ஒரு விரிப்பின் மூலையை எடுத்து விரலால் நீவிக்கொண்டே, முப்பது வருஷமாகச் சொல்லாததை, மார்க்கெட்டில் என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"சாயங்காலம் ஆம்பளைங்க எல்லாம் ஆத்துல இருப்பாங்க. பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு, கடைசிச் சொல்லை வாசல்ல நின்னு தண்ணி மேல விடணும். பிள்ளை தூங்கிடுச்சு, சத்தம் போடாம வான்னு அர்த்தம். ஒவ்வொரு வாசல்லயிருந்தும் ஒரு குரல் கிளம்பும். அவங்கவங்க வீட்டுக் குரல் கேட்டதும் துடுப்பை மெதுவாப் போடுவாங்க. அப்பா தண்ணியில கையை அளைஞ்சுட்டே வருவாரு. உனக்குத் தெரியாது. நீதான் தூங்கிட்டிருப்பியே."

"அம்மா இறக்கித்தான் பாடினாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஊரை எரிச்சப்ப மாவு மில்லுக்கு அடியில ஒளிஞ்சிருந்தோமே, அப்ப பாடினது உனக்கு ஞாபகம் இருக்கு. படைக்காரங்க பகல்லதான் தேடி வருவாங்க. பலகை மேல பூட்ஸ் சத்தம் போகும். நீ சிணுங்கினா பாட்டுக்குத்தான் அடங்குவ. பாடாமலும் இருக்க முடியாது, பாடவும் முடியாது. பக்கத்துத் தானியக் கிடங்குல ஒரு அம்மா பழக்கதோஷத்துல தூக்கிட்டா. அவ்வளவுதான். கிடங்குல இருந்த ஒருத்தரும் மிஞ்சல. அதுக்கப்புறம் எந்த அம்மாவும் தூக்கல. அங்க இறங்கின பாட்டு அப்படியே இறங்கிடுச்சு. முகாமுக்கு வந்த பிறகும் யாருக்கும் தொண்டை ஏறல."

வீதியில் ஒரு வண்டி பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனது.

"அப்போ வாய் மேல கையை வெச்சது..."

"நீ கத்தக் கூடாதுன்னு."

அவள் விரிப்புக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அதட்டவில்லை. மடித்ததையெல்லாம் கசக்குகிறாயே என்று வேறு நாளாக இருந்தால் ஒரு பாட்டம் திட்டியிருப்பாள்.

"ஏன்க்கா இத்தனை நாள் சொல்லல?"

"நீ கேட்டியா? நீதானே காது. கேக்குறது உன் வேலைதானே?"

"அது அன்புன்னு நினைச்சிட்டிருந்தேன். பயமா அது?"

"பயம் வேற, அன்பு வேறன்னு யாருடி உனக்குச் சொன்னது?" அக்கா மறுபடி பெட்டியை எடுத்தாள். "அந்தப் பையன் அம்மா தீ வைக்கிறதுக்கு முன்னாடியே படகுல கிளம்பியிருப்பா. கீழே கடல் வரைக்கும் போனவங்க கொஞ்சம் பேர் உண்டு. அவங்க யாரும் ஒளியல. அதான் அவன் பாட்டு மேலேயே நிக்குது. என்னடி பண்ணின அவனை?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு இன்னொரு குரல் நினைவுக்கு வந்தது. போன வருஷம், ஒரு பெரியம்மாவின் குரல், பல் போன வாய். அந்தக் கடைசிச் சொல்லும் மேலே போனது. நடுங்கி நடுங்கி, உடைந்து, ஆனால் மேலேதான் போனது. முதுமையில் சுருதி தவறுகிறதோ என்றுகூட அவளுக்கு அன்று சந்தேகம் தோன்றவில்லை. 'இல்லை' என்று சொல்லிவிட்டு, மேலே போய் மீன் குழம்போடு சாப்பிட்டது ஞாபகம் இருந்தது. குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னதுகூட.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்த வெல்டரைப் பார்க்கப் போனாள். அலுவலகத்துக்குப் பின்னால், வண்டியேறப் போகிறவர்களை வைக்க ஒரு பழைய கிடங்கைத் தடுத்து அறை அறையாக ஆக்கியிருந்தார்கள். அங்கே போக அவளுக்கு அனுமதி இல்லை. பதிவுக்காரர்தான், "பேட்டரி எடுக்கப் போறேன், கூட வாங்க. யாராவது கேட்டா நீங்க பேட்டரி" என்று அழைத்துப் போனார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பனியனைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். அவள் வயதுதான் இருக்கும். முன்கைகளில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள்.

"நீங்கதான் அந்தக் காதா?" என்றான். "நல்லா பெருசா இருக்கும்னு நினைச்சேன்."

"அந்தப் பாட்டை யார்கிட்ட..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

"கத்துக்கிட்டியான்னு கேக்குறீங்களா? பாட்டை யாராவது கத்துக்குவாங்களா? மூக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்குற மாதிரி இருக்கு. எங்கம்மா பாடினது. இப்ப நான் என் பொண்ணுக்குப் பாடுறது. அது வேற கழுதை, தூங்கவே தூங்காது. அந்தக் கடைசிச் சொல்லு வந்ததும் கண்ணைத் திறந்து சிரிக்கும்."

"பொண்ணு எங்க?"

"இந்த ஊர்தான். என் பொண்டாட்டி இந்த ஊர்க்காரி. அவங்க ரெண்டு பேரும் இருக்கலாமாம். நான்தான் போகணுமாம், மலைக்கு." பனியனை உதறி மாட்டிக்கொண்டான். "வேடிக்கையைப் பாருங்க மேடம். இங்க நான் கரைக்காரன் இல்ல. அங்க வண்டியை விட்டு இறங்கினதும் என் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவாங்க, கரைக்காரன் வந்துட்டான்னு. அவங்களுக்குப் பாட்டெல்லாம் தேவையில்ல."

"நான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அப்ப, இப்பச் சரியாக் கேட்டுட்டேன்னு மேலே சொல்லுங்க" என்றான். "புதன்கிழமை வண்டி."

அதிகாரி கெட்டவர் இல்லை. மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு அரை நாள் லீவு போடுகிறவர், ஊழியர்களுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு முறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"உங்க அக்கா சொல்றது உண்மையாவே இருக்கட்டும்மா" என்றார். "இப்ப நீங்க என்ன எழுதிக் குடுக்கப் போறீங்க?"

"அவர் கரைக்காரர்னு எழுதறேன் சார். அன்னைக்கு நான் கேட்டது தப்புன்னு."

"அன்னைக்கு மட்டுமா தப்பு?"

அதிகாரி முன்னால் இருந்த கோப்பை மூடினார்.

"அந்தக் காதுதானே இத்தனை வருஷமும் கேட்டுச்சு? அது தப்பும்னு நீங்களே எழுதிக் குடுத்தா, அது உள்ள விட்டவங்க அத்தனை பேரையும் நான் திரும்பக் கூப்பிடணும். மலைக்காரங்களும் அந்த முகாம்லதான் இருந்தாங்க. நீங்க சொல்ற அந்த இறக்கத்தை அங்கேயே பிடிச்சுக்கிட்டிருக்கலாம். யார் ஒளிஞ்சு கத்துக்கிட்டா, யார் பக்கத்துப் பாயில படுத்து கத்துக்கிட்டான்னு எப்படிம்மா பிரிப்பேன்? ஒருத்தனைக் காப்பாத்தப் போய் எத்தனை வீட்டுல கைய வைக்கிறீங்க தெரியுமா? சாப்பாட்டு வேளை வரைக்கும் யோசிங்க. அதுவரைக்கும் நீங்க இங்க வரவே இல்ல, நான் எதையும் கேக்கவே இல்ல."

கீழே வந்து கம்பளிச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். யோசிப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அது தராசு மாதிரி இல்லை. ஒரு பக்கம் அவன், கண்ணைத் திறந்து சிரிக்கிற பெண்குழந்தை. மறுபக்கம் முகமே தெரியாத குரல்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே முகம், அவள் தெருவிலேயே மாடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் தையல்காரி. அந்தத் தையல்காரி பாடியதைக் கேட்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இவள் அழுதிருக்கிறாள். பிற்பாடு தெருவில் பேச்சுக் கொடுத்தபோது அந்தக் குரலைக் காது உடனே பிடித்துக்கொண்டது.

எழுதாவிட்டால் அவன் போவான். எழுதினால் அவன் நிற்கலாம், மற்றவர்கள் போகலாம். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும், நடுவில் அந்தப் பெரியம்மாவின் உடைந்த குரல் வந்து கலைத்துவிட்டது. உண்மையில் அவனுக்காகத்தான் எழுத நினைக்கிறாளா, அல்லது அந்தக் குரல் தன் காதை விட்டுப் போக வேண்டும் என்பதற்காகவா? பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நிம்மதிக்குள்ளேயே தன் தூக்கத்துக்கு ஒரு தலையணை தேடுகிற ஒருத்தியும் உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு எழுதலாம் என்றால் எழுதுவதற்கு ஆளே இல்லை.

அப்படியே எழுதினாள். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிகாரி பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டார்.

"கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பிட்டீங்க" என்றார்.

மேலிடத்திலிருந்து பதில் வரும் வரை பழைய உத்தரவு நிற்கும் என்பது விதி. பதில் புதன்கிழமைக்குள் வரவில்லை. வண்டி வந்தது. அது சாதாரணப் பள்ளிக்கூட வண்டி மாதிரிதான் இருந்தது, ஜன்னலில் கம்பி மட்டும் நெருக்கம். அவன் ஏறும்போது அவள் கீழ்த்தளத்தில் இருந்தாள். ஏறியதைப் பார்க்கவில்லை. பதிவுக்காரர் உள்ளே வந்து, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான கிண்டல் எதுவும் அவர் வாயில் வரவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

அவன் மனைவி அடுத்த இரண்டு வாரமும் வந்து முன்ஹால் பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் குழந்தை. காது அந்தப் பக்கமாகத்தான் படியிறங்க வேண்டும். குழந்தை வருகிறவர் போகிறவரைப் பார்த்தெல்லாம் சிரித்தது. மலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் பெஞ்ச் காலியாக இருந்தது.

பதில் அதற்குப் பிறகு வந்தது. மேலிடத்தில் இரண்டு பேராசிரியர்களை வைத்து விசாரித்திருக்கிறார்கள். கடலோரத்தில் இருக்கும் கிழவர் கிழவிகள் சிலரைப் பாட வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அவள் அக்கா சொன்னது சரிதான் என்று முடிவாகியிருந்தது. கடைசிச் சொல் மேலே போவதுதான் அசல். ஆகவே இனிமேல் மேலே போனால் கரைக்காரர். இறங்கினால் இல்லை. ஏற்கனவே அனுமதி பெற்றவர்கள் எல்லோரும் மறுபடி வந்து பாட வேண்டும்.

"ரெண்டும் எங்களுதுதான் சார்" என்றாள் அவள். "இறக்கிப் பாடினவங்கதான் சார் ஒளிஞ்சு பிழைச்சவங்க."

"தெரியுதும்மா. ஆனா நேத்து வரைக்கும் இறக்கினாத்தான் கரைக்காரர்னு நாமதானே சொன்னோம்? ஏதாவது ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "உங்க மாதிரிப் பதிவையும் எடுத்துட்டோம். இனி வேற ஆள் கேப்பாங்க. நீங்க தட்டச்சுக்கே போயிடுங்க. அப்புறம், இதை நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்களையும் பாடக் கூப்பிடுவாங்க."

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் கதவு தட்டப்பட்டது. தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. என்னையும் பொண்ணையும். ரெண்டு பேரும் பாடணுமாம்."

"தெரியும்."

"வேற மாதிரிப் பாடணும்னு தெருவுல பேசிக்கிறாங்க. எப்படின்னு யாருக்கும் சரியாத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்னாங்க."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தையல்காரி குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? நான் மலைக்காரிதான் அக்கா. முகாம்ல பக்கத்துக் கொட்டாய்ல உங்க கரைக்காரம்மா ஒருத்தங்க. எனக்கு அப்பத்தான் பொண்ணு பிறந்திருந்துச்சு, காய்ச்சல் வேற. ராவும் பகலும் அவங்கதான் பிள்ளையைத் தூக்கி வெச்சுப் பாடுவாங்க. எங்க ஊர்ல என்ன பாடுவாங்கன்னே எனக்கு மறந்துபோச்சு. என் பொண்ணுக்கு அது ஒண்ணுதான் தெரியும். திருடினதுன்னு நினைச்சா நினைச்சுக்குங்க."

தான் அப்படி நினைக்கிறோமா என்று அவள் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வெல்டர் பாடிய வெள்ளிக்கிழமை வந்த அந்தக் கோபம், வீட்டுக்குள் செருப்போடு வந்தவன் மேல் வந்த கோபம், இங்கேதானே வர வேண்டும்? வரவில்லை. இந்தப் பெண் பாடியதைக் கேட்டுத்தான் அம்மா ஞாபகத்தில் அழுதிருக்கிறாள். அழுதது பொய்யா? கரைக்காரனை அனுப்பிவிட்டாள், மலைக்காரிக்காக அழுதாள். இனி யாருக்காக எதை நினைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உட்காரு" என்றாள். "கடைசிச் சொல்லை மட்டும் மாத்தினாப் போதும். மேலே தூக்கணும்."

"எவ்வளவு தூக்கணும்?"

"தண்ணிக்கு அந்தப் பக்கம் கேக்குற அளவுக்கு."

"எந்தத் தண்ணிக்கா?"

அதற்கு என்ன சொல்வது? கையை உயர்த்திக் காட்டினாள். தையல்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடிப் பார்த்தாள். முதல் தடவை பாதி ஏறி வழுக்கியது. இரண்டாவது தடவை ஏறி நின்றது. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. தெளிவாக, பயமில்லாமல் போய் நின்றது.

"இப்படியா அக்கா? சரியான்னு நீங்க ஒருதரம் பாடிக் காட்டுங்களேன்."

அவள் பாடினாள். ஆறு உறங்கியது, அலை உறங்கியது, ஓடம் ஒதுங்கியது. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் தொண்டை தானாக இறங்கிவிட்டது.

"நீங்களே இறக்கிட்டீங்களே" என்றாள் தையல்காரி, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

மறுபடி பாடினாள். அந்த வெல்டர் பாடியது அப்படியே காதில் இருந்தது. எங்கே எடுத்து எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு மயிரிழை பிசகாமல் தெரிந்தது. காதுக்குத் தெரிந்தது கழுத்துக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறையும் சொல் பாதியிலேயே மூச்சாகிப் போனது. உதட்டின்மேல் ஏதோ வந்து படிந்தது போல இருந்தது.

"பரவாயில்லக்கா, பழகினா வந்துடும். உங்களுக்கு என்னைக்குக் கூப்பிட்டிருக்காங்க?"

"அடுத்த வாரம்."

"அதுக்குள்ள வந்துடும். நான் தினமும் வரேன். சேர்ந்து பாடலாம். ஆரம்பிங்க, நான் கூடவே வரேன்."

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியையும் மாட்டினாள். வெளியே நல்ல வெயில். அறைக்குள் அப்போதே புழுக்கமாக இருந்தது.

"ஏன்க்கா சாத்துறீங்க?"

"வெளியே கேக்கும்" என்றாள்.